பல்லுக்கு ஜாதகம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலப்பன்சாவடியில் 1988-ல் தொடங்கிய சவீதா, மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ராமச்சந்திரா, குன்றத்தூரில் மாதா. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர்ப் பக்கம் யாருக்காவது பல்வலி வந்தால், “காலேஜுக்குப் போ, கம்மியில முடிஞ்சிரும்” என்று சொல்ல ஒரு ஆள் கட்டாயம் இருப்பார்.

போய்ச் சீட்டு வாங்கி, நாற்காலியில் சாய்ந்து, வலிக்கிற இடத்தைக் காட்ட வாயைத் திறந்தால், எதிரே நிற்கும் பயிற்சி டாக்டர் உடனே கண்ணாடியை உள்ளே விடுவதில்லை. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பிக்கிறார்.

“ஒரு நாளைக்கு எத்தனை டீ? சர்க்கரை போட்டா?”

“சாப்பாட்டுக்கு நடுவுல ஏதாவது கொறிப்பீங்களா?”

“வீட்டுல கேன் தண்ணியா, போர் தண்ணியா?”

“இதுக்கு முன்னாடி பல் அடைச்சிருக்கீங்களா, எடுத்திருக்கீங்களா?”

இடுப்பில் குழந்தையோடு வந்த அம்மாவாக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி சேரும். “ராத்திரி பாட்டில்ல பால் குடிச்சிட்டே தூங்குறானாம்மா?” “உங்க பல்லுல சொத்தை இருக்கா?”

வலி பிள்ளையின் பல்லில். விசாரணை அம்மாவின் பல்லைப் பற்றி. வந்தவருக்குக் கடுப்பு வருவது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் இருக்கிற கேள்விகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பிறந்தது. ஒன்று பெர்லினில், ஒன்று வெள்ளெலிக் கூண்டில், ஒன்றின் வேர் நம் கிண்டி வரை வந்திருக்கிறது. இன்னொன்று ஸ்வீடனில் ஒரு மனநலக் காப்பகத்தில், வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களின் பற்களைக் காவு வாங்கிப் பிறந்தது.

ஒருவருக்கு இனிமேல் பல் சொத்தையாகுமா, ஆகாதா என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அந்தத் தாளின் வேலை. ஏறக்குறைய பல்லுக்கு ஜாதகம் எழுதுகிற காரியம்.

சொத்தைக்குக் காரணம் புழு என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. நம் ஊரிலும் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்க வைத்து, பல்லில் இருந்து புழு விழுவதாகக் காட்டியவர்கள் உண்டு. பாரிஸ் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-ல் எழுதிய நூலில், தான் தேடிப் பார்த்தும் புழு அகப்படவில்லை என்று மறுத்தார். புழு போனது சரி, அந்த இடத்தில் எதை வைப்பது? அதற்கு இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பெர்லினில் பல் மருத்துவம் பார்த்த அமெரிக்கர் வில்லோபி டேட்டன் மில்லர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரில் போட்டு, கூடவே ரொட்டியையும் போட்டு உடல் சூட்டில் வைத்தார். பல் மெத்தென்று ஆனது. ரொட்டிக்குப் பதில் இறைச்சியைப் போட்டார். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயில் இருக்கிற கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890-ல் புத்தகம் போட்டார். இன்றைக்கும் அந்த அடிப்படை மாறவில்லை.

ஆனால் மில்லரின் விடை ஒரு புதுக் கேள்வியைக் கொண்டுவந்தது. கிருமி எல்லார் வாயிலும் இருக்கிறது. சோறும் ரொட்டியும் எல்லாரும்தான் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு நாலு பல் சொத்தை, தம்பிக்கு ஒன்றுகூட இல்லை என்பது எப்படி? சொத்தைக் கணிப்பு என்கிற துறை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன கதைதான்.

1940-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீஃபன் சர்க்கரைத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, பல்மேல் படிந்த படலத்தில் நுண்ணிய மின்முனையை வைத்து அமிலத்தன்மையை அளந்தார். சில நிமிஷங்களில் அமிலம் விறுவிறுவென்று ஏறியது. பிஎச் 5.5 என்ற எல்லைக்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் கழுவிக் கழுவி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிலைமை பழையபடி ஆகிறது. ஆக, ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் பல்லுக்கு அரை மணி நேரத் தண்டனை. இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒரே டீயில் குடித்தாலும், நாலு டீயில் பிரித்துக் குடித்தாலும் சர்க்கரையின் அளவு ஒன்றுதான். பல்லுக்கு மட்டும் கணக்கு வேறு.

இது ஆய்வகக் கணக்கு. மனிதர்களில் நிரூபித்துக் காட்டியது விபேஹோல்ம்.

ஸ்வீடனின் தென்கோடியில் லுண்ட் நகரில் 1935-ல் திறந்த பெரிய காப்பகம் அது. மூளை வளர்ச்சி குறைந்தவர்களில் ‘கற்பிக்கவே முடியாதவர்கள்’ என்று அந்நாட்டு அரசு முத்திரை குத்தியவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் காலத்து ஸ்வீடனில் பல் சொத்தை நாட்டுப் பிரச்சினையாக இருந்தது. இவ்வளவு பேருக்குப் பல் அடைத்துக் கட்டுப்படியாகாது, காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று அரசே முன்னின்று 1945-ல் ஆய்வைத் தொடங்கி வைத்தது. முதலில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, 1947-லிருந்து, சர்க்கரை.

ஒரு கூட்டத்துக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைக் கரைசல். ஒரு கூட்டத்துக்கு இனிப்பு ரொட்டி. ஒரு கூட்டத்துக்குச் சாக்லேட். இன்னொரு கூட்டத்துக்கு, இந்த ஆய்வுக்கென்றே தனியாகச் செய்த டாஃபி. சும்மா டாஃபி இல்லை. பல்லில் ஒட்டிக்கொண்டு சுலபத்தில் போகாதபடி பெரிதாக, பிசுபிசுவென்று செய்யப்பட்டது. நம் பெட்டிக்கடைக் கமர்கட்டை வாயில் அதக்கியவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரியும். ஒரு குழுவுக்கு நாளைக்கு 24 டாஃபி, சாப்பாட்டு வேளைக்கு நடுவில். சர்க்கரை, மிட்டாய்க் கம்பெனிகளும் இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. தங்கள் சரக்குக்கு நற்சான்று கிடைக்கும் என்று நம்பியிருப்பார்கள் போல.

கிடைத்தது வேறு. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்கு, அளவு கூடியிருந்தும், சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. நடுநடுவே டாஃபி சாப்பிட்டவர்களின் பற்கள் வரிசையாகப் போயின. டாஃபியை நிறுத்தியதும் புதுச் சொத்தை விழும் வேகம் குறைந்தது. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம் என்ற முடிவு 1954-ல் அச்சேறியது. ‘மிட்டாய் எல்லாம் சனிக்கிழமை மட்டும்’ என்று ஸ்வீடன் வீடுகளில் வந்த பழக்கத்துக்கு இதுதான் மூலம்.

அந்தக் காப்பகத்தில் இருந்தவர்கள் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. கொடுக்கிற நிலையிலும் இல்லை. ஸ்வீடன் பத்திரிகைகளில் அப்போதே சண்டை நடந்தது. இன்றும் ஆராய்ச்சி அறம் பற்றிய பாடங்களில் விபேஹோல்ம் பெயர் தவறாமல் வரும். ஆய்வில் பங்குபெற்ற போ கிராஸே என்ற பல் மருத்துவர், ஐம்பது ஆண்டு கழித்து 2001-ல் அதைப் பற்றித் திரும்பிப் பார்த்து எழுதினார். இனி அப்படி ஓர் ஆய்வை எந்த நாட்டிலும் நடத்த விட மாட்டார்கள். அதனாலேயே, எத்தனை தடவை என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான சான்று இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. ‘ஒரு நாளைக்கு எத்தனை டீ?’ என்று நம்மிடம் கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தெரிந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேட்பார்.

தண்ணீர்க் கேள்வியின் கதை வேறு. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களின் பற்கள் பழுப்பேறிக் கிடந்ததை 1901-ல் அங்கே கடை போட்ட பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே கவனித்தார். கறை அசிங்கம், ஆனால் சொத்தை குறைவு. தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-ல் தெரிந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வாக்கில் இருந்தால் கறை அதிகம் விழாது, சொத்தையும் குறையும் என்று ட்ரெண்ட்லி டீன் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கலந்தே விட்டார்கள்.

நம் பக்கம் ஃபுளோரைடு வேறு முகத்தோடு வந்தது. கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி ஷார்ட்டும் கூட்டாளிகளும், அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளைந்து மூட்டு இறுகிப்போன கிராமத்தாரைப் பரிசோதித்து, கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து போனதுதான் காரணம் என்று 1937-ல் எழுதினார்கள். அங்கே நல்லது செய்ததே இங்கே அளவு மீறி ஆளை முடக்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றைக்கும் அந்தக் கறைப்பற்களைப் பார்க்கலாம். அதனால்தான் இந்தியாவில் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதில்லை. குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. புழலிலிருந்தோ செம்பரம்பாக்கத்திலிருந்தோ வருகிற தண்ணீரைக் குடித்தாலும் சரி, அம்பத்தூர் வீடுகளில் கவிழ்த்து வைத்திருக்கிற கேன் தண்ணீரைக் குடித்தாலும் சரி, யாரும் ஃபுளோரைடு சேர்த்துத் தருவதில்லை. கேனில் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர். அதில் இருக்கிற கொஞ்சநஞ்சமும் வடிந்துபோயிருக்கும். ஆக நமக்குப் பல்லுக்கான ஃபுளோரைடு என்றால் பேஸ்ட் ஒன்றுதான். ‘என்ன பேஸ்ட்?’ என்று ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். மூலிகைப் பேஸ்ட் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், டப்பாவைத் திருப்பி ஃபுளோரைடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பலவற்றில் இருப்பதில்லை.

கிருமிக்கு வருவோம். லண்டனில் கிலியன் கிளார்க் 1924-லேயே சொத்தைக் குழியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். உலகம் அதை மறந்துபோனது. 1960-ல் பால் கீஸும் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் அமெரிக்காவில் வெள்ளெலிகளை வைத்துச் செய்த சோதனையில்தான் விஷயம் மறுபடி மேலே வந்தது. சொத்தையே வராத ஒரு வம்சத்து எலிகளை, சொத்தை உள்ள எலிகளோடு ஒரே கூண்டில் விட்டார்கள். நல்ல எலிகளுக்கும் சொத்தை வந்தது. ஒட்டுகிற வியாதி! கிருமி, உணவு, பல் என்று மூன்று வட்டங்களைப் போட்டு, மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடத்தில்தான் சொத்தை என்று கீஸ் வரைந்த படம் இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்று.

ஒட்டுகிற வியாதி என்றால் குழந்தைக்கு யாரிடமிருந்து ஒட்டுகிறது? பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. ஊட்டும் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பது, கடித்துக் கொடுப்பது, முத்தம். 1983-ல் கோலர், பிராட்ஹால், கிராஸே மூவரும் ஸ்வீடனில் செய்த ஆய்வு ஒன்று, அம்மாவின் வாயில் கிருமியைக் குறைத்தால் குழந்தையின் வாயில் அது தாமதமாகத்தான் குடியேறுகிறது என்று காட்டியது. ‘உங்க பல்லுல சொத்தை இருக்கா?’ என்பது அங்கே பிறந்த கேள்வி. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அம்மாவுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கத்தான் கேட்கிறார்கள். பேரனுக்கு மென்று ஊட்டும் பாட்டியையும் சேர்த்துக் கேட்கலாம் என்பேன்.

மேலே சொன்ன மூன்று பெயரில் கிராஸே விபேஹோல்மில் பார்த்தோமே, அவர்தான். கிருமியை எண்ணிப் பார்த்து ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். 1985-ல் சொத்தை ஆபத்தை மதிப்பிட மருத்துவர்களுக்கென்றே கையேடு எழுதினார். கிருமியை எண்ணுவதற்கு முன்னோடிகளும் உண்டு. 1940-ல் அமெரிக்காவின் ஸ்னைடர், பச்சை நிறக் கலவையில் நோயாளியின் உமிழ்நீரை விட்டு, அது மஞ்சளாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். ஒரே நாளில் மஞ்சளானால் ஆபத்து. மூன்று நாளாகியும் பச்சையாகவே இருந்தால் பயமில்லை. பின்லாந்துக்காரர்கள் 1970-களில் இதையே ஒரு சின்னத் தகட்டில் செய்யும்படி கடைச்சரக்காக்கினார்கள். கூடவே உமிழ்நீர் அளவு. ருசியில்லாத ஒரு மெழுகுத் துண்டைக் கொடுத்து ஐந்து நிமிஷம் மெல்லச் சொல்லி, ஊறுவதையெல்லாம் அளவுக் குவளையில் துப்பச் சொல்வார்கள். நிமிஷத்துக்கு 1 மில்லிக்கு மேல் வந்தால் நல்லது. பிரஷர், மனச்சோர்வு, ஒவ்வாமை மாத்திரைகளில் பல, வாயை உலர வைக்கும். ‘ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?’ என்றும் கேட்பதற்குக் காரணம் அது.

இப்படித் துண்டு துண்டாகக் கிடந்ததையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்தவர், கோலரோடும் கிராஸேயோடும் பெயர் வந்த டக்ளஸ் பிராட்ஹால். மால்மோ பல்கலைக்கழகப் பேராசிரியர். விபேஹோல்ம் இருந்த லுண்டுக்கும் மால்மோவுக்கும் சுமார் 20 கிலோமீட்டர்தான். பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் போகிற தூரம். சராசரியை நம்பாத மனிதர் பிராட்ஹால். ஒரு ஊரின் சராசரிச் சொத்தை குறைந்துவிட்டது என்று அரசாங்கங்கள் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொண்டபோது, அதிகம் சொத்தை உள்ள மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போடுங்கள், நிஜம் தெரியும் என்று 2000-ல் புது அளவுகோல் கொடுத்தவர்.

மாணவர்களுக்கு அவர் விளக்க நினைத்தது ஒரு சிக்கலை. சர்க்கரை நிறையச் சாப்பிட்டும் ஒருவருக்குச் சொத்தை வராமல் இருக்கலாம். கிருமி நிறைய இருந்தும் வராமல் இருக்கலாம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வோர் எடை. இதை எப்படிக் காட்டுவது? ஒரு வட்டம் போட்டார். உணவுக்குக் கருநீலத் துண்டு, கிருமிக்குச் சிவப்பு, உமிழ்நீரும் ஃபுளோரைடும் சேர்ந்த பல்லின் தாங்குசக்திக்கு வெளிர்நீலம், பழைய சொத்தையும் உடம்பு வியாதியும் சேர்ந்த சூழ்நிலைக்கு மஞ்சள். இந்த நாலும் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கின்றனவோ அதுபோக மிஞ்சுவது பச்சை. புதுச் சொத்தை விழாமல் தப்பிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதே அந்தப் பச்சை. கேரியோகிராம் என்று பெயர். 1996-ல் யோசனையாக வந்தது, மறு ஆண்டே கம்ப்யூட்டரில் ஏறியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டார்கள்.

வட்டம் பிறந்தது பாடம் நடத்துவதற்காகத்தான், தீர்ப்புச் சொல்வதற்காக இல்லை. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் ஆய்வுகளைப் படித்து அனுபவஸ்தர்கள் தீர்மானித்தது. வானத்திலிருந்து விழுந்த சூத்திரம் இல்லை. பத்துக் காரணங்களில் கடைசி ஒன்று, ‘டாக்டரே, இவ்வளவும் பார்த்த பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்பதுதான். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு கணினி நிரல் தன் கணக்கை முடித்துவிட்டு, ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறது.

பிராட்ஹாலின் சக ஆய்வாளர் குன்னல் ஹேன்சல் பீட்டர்சன், பத்து பதினோரு வயது ஸ்வீடன் பிள்ளைகளுக்கு இந்த வட்டத்தைப் போட்டு வைத்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தார். பச்சை குறைந்த பிள்ளைகளுக்கு அதிகமாகவும், பச்சை நிறைந்த பிள்ளைகளுக்குக் குறைவாகவும் புதுச் சொத்தை விழுந்திருந்தது. கணிப்பு மோசமில்லை. நூற்றுக்கு நூறும் இல்லை.

ஜாதகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. திரையில் டாக்டர் ‘நாளைக்கு எட்டுத் தடவை’ என்று இருந்ததை ‘நாலு தடவை’ என்று மாற்றினால், நம் கண் முன்னாலேயே கருநீலம் சுருங்கிப் பச்சை பெருகும். எட்டாம் இடத்துச் சனியை எந்த ஜோசியரும் அப்படி நகர்த்திக் காட்ட முடியாது.

அமெரிக்காவின் அனுபவமும் ஒரு பாடம். வட கரோலினா பல்கலைக்கழகத்தார் தெற்குக் கரோலினாவின் ஐக்கன், மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் என்ற இரண்டு ஊர்களில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமிச் சோதனை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. எதிர்காலச் சொத்தையை நன்றாகச் சொன்னது, ஏற்கெனவே இருந்த சொத்தை. கூடவே, வாயைப் பார்த்த மருத்துவரின் சொந்த ஊகமும். இவ்வளவு செலவழித்து இதைத்தானா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த முடிவுக்குள்தான் இந்தத் தாளின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. பழைய சொத்தை புதுச் சொத்தையின் அடையாளம் என்றால், முதல் சொத்தை விழும் முன் இந்தத் தாளுக்குச் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கும். விழுந்த பிறகு உறுதியாகச் சொல்லும். ஆனால் அதற்குள் பல் ஒன்று போயிருக்கும். 2003-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ‘கேம்ப்ரா’ என்ற படிவம் வந்தபோது, ஆறு வயதுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். குழந்தைக்குப் பழைய கணக்கே கிடையாது. அதற்குப் பாட்டிலையும் அம்மாவையும்தான் கேட்க வேண்டும்.

சென்னையில் கேரியோகிராம் பெரும்பாலும் கல்லூரிகளின் சமூகப் பல் மருத்துவத் துறை வழியாகத்தான் புழங்குகிறது. முதுகலை மாணவர்கள் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டு, வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளைகளை உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். கிருமிச் சோதனைக் கிட்டுகள் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். அதனால் உமிழ்நீர்ச் சோதனையை விட்டுவிட்டு மீதியை மட்டும் போட்டு வட்டம் வரைவது சகஜம். அப்படிச் செய்தால் கணிப்பின் கூர்மை குறைகிறது என்று 2010-ல் ஸ்வீடன்காரர்களே காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்தான். நாட்டின் நிலைமை அப்படி: 2002–03-ல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதத்துக்கும் 12 வயதினரில் 53.8 சதவீதத்துக்கும் சொத்தை.

நம் வட்டாரத்துக்கு அந்தத் தாளைப் பொருத்திப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டு வேலை. காலையில் வீட்டில் ஒரு டீ, கேட்டுக்கு வெளியே ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, ஓவர்டைம் என்றால் இன்னும் இரண்டு. எல்லாமே சர்க்கரை டீ. ஸ்டீஃபன் கணக்குப்படி ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். இரவு ஷிஃப்டுக்காரர் விடியற்காலையில் களைத்து வந்து பல் தேய்க்காமலே படுத்துவிடுவார். தூக்கத்தில் உமிழ்நீர் ஊறுவதும் அநேகமாக நின்றுவிடும். பூந்தமல்லி தாண்டி நேமத்தில் சாக்கோ பை ஆலை; இனிப்பு இங்கேயேதான் உற்பத்தியும் ஆகிறது. பள்ளிக்கூட வாசல் கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட். அழுகிற பிள்ளைக்குப் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துக் கொடுத்தால் அடங்கிவிடும்.

பாட்டில் குழந்தையின் வாயைக் கிட்டத்தில் பார்த்தால் விசித்திரம் ஒன்று தெரியும். மேல்வரிசை முன்பற்கள் நாலும் பழுப்பேறி, மழுங்கி, குச்சி குச்சியாக நிற்கும். நேர் கீழே இருக்கும் நாலு பற்கள் பளிச்சென்று இருக்கும். உறிஞ்சும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. உமிழ்நீர் ஊறும் வாய்க்காலும் அவற்றின் பின்னால்தான் திறக்கிறது. மேல்பற்களுக்கு இரவு முழுக்கச் சர்க்கரைப் பால். பால்பல்தானே, விழுந்துவிடப் போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று வயதில் சொத்தை உள்ள பிள்ளைக்குத்தான் பன்னிரண்டு வயதிலும் சொத்தை என்று கரோலினா சொல்லாமலே நம் வீட்டிலேயே பார்க்கலாம்.

என் கட்சி இதுதான்: தாள் நல்ல தாள், நாம் அதை நிரப்புகிற நேரம்தான் தப்பு. ஜாதகத்தைப் பிறந்ததும் எழுதுகிறோம். பல்லுக்கு மட்டும் வலித்த பிறகு எழுதுகிறோம். வலி வந்துவிட்டால் பச்சை எத்தனை சதவீதம் என்பதில் யாருக்கு அக்கறை? ‘புடுங்கிடுங்க டாக்டர்’ என்பதுதான் வரும். அரசாங்கத்திலும் வழி இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய பட்டியலில் பல்லும் இருக்கிறது. ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு அந்தக் குழு நிறுத்திக்கொள்ளாமல், இனி விழுமா என்று நாலு கேள்வி கேட்டால் போதும். அதற்கு வட்டம் வேண்டாம், கிட்டு வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். பாட்டில் உண்டா, நடுவில் எத்தனை தடவை, ஃபுளோரைடு பேஸ்ட்டா, அம்மா வாயில் சொத்தை உண்டா. அவ்வளவுதான்.

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாகப் பிள்ளையை மடியில் போட்டு, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிப் பல்லில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. இன்னும் ஓட்டை ஆகவில்லை, ஃபுளோரைடு வைத்தால் திரும்பி வரக்கூடிய கட்டம். இரவுப் பாட்டிலை நிறுத்துங்கள். மூன்று வயது வரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு, இரவு படுக்கும்முன் நீங்களே தேய்த்துவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே அவர் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பல்லைப் பற்றி விசாரித்தால் கோபப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். விசாரிக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.